மார்க் அண்ணனின் கோட்டும் காலும்



சினிமா ரசிகர்கள் நான்கு பேர் கூடினால் தவறாமல் எழும் ஒரு வாக்குவாதம்தான் இந்த வார அங்கத்தின் தலைப்பு. துப்பாக்கிச் சண்டையையும் ரத்தத்தையும் நாட்டியம்போல் அழகாகப் படமெடுக்கும் ஓர் இயக்குநர், கலைஞரா? அல்லது இளைஞர்களின் மனத்தைக் கெடுப்பவரா?

இந்த வாக்குவாதத்தில் அடிக்கடி அடிபடும் பெயர் ஹாங்காங் இயக்குநர் ஜான் வூ. இரண்டு கைகளிலும் துப்பாக்கி, ஸ்லோ மோஷனில் பாய்ந்து விழும் நாயகன், குண்டு மழைக்கு நடுவே பறக்கும் வெண்புறா. இவற்றைப் பார்த்ததும் இது யார் படம் என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ‘இது வன்முறையே அல்ல, இசை’ என்கிறார்கள் ஒரு சாரார். ‘கொலையை அழகாகக் காட்டினால் கொலையும் அழகு என்றுதானே பிள்ளைகள் நினைப்பார்கள்?’ என்று கேட்கிறார்கள் மறு சாரார்.

இரு தரப்பாரும் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாதிடுகிறார்கள். அந்தப் படங்கள் பிறந்த ஊரையும் காலத்தையும் சற்றுத் திரும்பிப் பார்த்தால், கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று என்பது புரியும்.

தீயில் தொடங்கிய வாழ்க்கை

ஜான் வூ 1946-ஆம் ஆண்டு சீனாவின் குவாங்சௌ நகரில் பிறந்தவர். கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தபின் அவருடைய குடும்பம் ஹாங்காங்கிற்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் ஆசிரியர், காசநோயால் அவதிப்பட்டவர். குடும்பம் தங்கியது ஷெக் கிப் மெய் என்ற புறம்போக்குக் குடிசைப் பகுதியில்.

1953-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில் அந்தக் குடிசைகளில் தீப்பிடித்தது. ஒரே இரவில் 50,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். ஹாங்காங் அரசாங்கம் ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடுகள் கட்டத் தொடங்கியதற்கு அந்தத் தீயே முக்கியக் காரணம் என்பது வரலாறு. வீடிழந்தவர்களில் ஜான் வூவின் குடும்பமும் ஒன்று. தேவாலயத்தின் வழியாக ஓர் அமெரிக்கக் குடும்பம் அனுப்பிய பணத்தில்தான் அந்தச் சிறுவன் பள்ளிக்கூடம் போனான். பாதிரியாராக வேண்டும் என்பது அவனுடைய இளவயது ஆசை.

அந்த வட்டாரத்தில் குண்டர் கும்பல்களின் அடிதடி அன்றாடக் காட்சி. அதிலிருந்து தப்பிக்க அவனுக்குக் கிடைத்த இரண்டு இடங்கள், தேவாலயமும் சினிமாக் கொட்டகையும். ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ போன்ற ஹாலிவுட் பாட்டுப் படங்கள் அவனுக்கு உயிர். சண்டைக் காட்சியை நடனம்போல் அமைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

வாள் போய் துப்பாக்கி வந்தது

மீதி விடை ஷா பிரதர்ஸ் நிறுவனத்தில் கிடைத்தது. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் மலாய்ப் படங்கள் தயாரித்த அதே நிறுவனம்தான். எல். கிருஷ்ணன் என்ற நம் தமிழர் பி. ரம்லியை இயக்கியதும் அந்த நிறுவனத்துக்காகத்தான்.

ஹாங்காங்கில் ஷா பிரதர்ஸின் வாள்வீச்சுப் படங்களுக்குப் பெயர்போனவர் சாங் சே என்ற இயக்குநர். 1967-இல் வெளிவந்த அவருடைய ‘ஒன் ஆர்ம்ட் சுவார்ட்ஸ்மேன்’ ஹாங்காங்கில் ஒரு மில்லியன் டாலர் வசூலைத் தொட்ட படம். 1970-களின் தொடக்கத்தில் அவரிடம் உதவி இயக்குநராகச் சேர்ந்தார் ஜான் வூ. 1972-இல் குருவும் சீடரும் சேர்ந்து பணியாற்றிய ‘பாக்சர் ஃப்ரம் ஷாண்டுங்’ படத்தில், வயிற்றில் கோடரி பாய்ந்த பிறகும் நாயகன் நின்று சண்டையிடுவான். ரத்தம் வழிய வழிய நட்புக்காக உயிரைக் கொடுப்பவனே வீரன் என்பது சாங் சே வகுத்த இலக்கணம்.

இந்த இலக்கணத்துக்குச் சீன மொழியில் ‘யி’ என்று ஒரு சொல் உண்டு. செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்கிறோமே, கர்ணனை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். சீனர்களின் கடைகளில் சிவந்த முகமும் நீண்ட தாடியுமாக நிற்கும் குவான் யூ தெய்வம் இந்தப் பண்பின் வடிவம். ஹாங்காங்கில் காவல் நிலையங்களிலும் குவான் யூவுக்குப் பூசை நடக்கும். குண்டர் கும்பல்களும் அதே தெய்வத்தைத்தான் கும்பிடும். ஜான் வூவின் படங்களில் போலீஸ்காரனும் கொலைகாரனும் கண்ணாடியில் தெரியும் ஒரே உருவம்போல் எதிரெதிரே நிற்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

ஸ்லோ மோஷன் சாவும் அவர் கண்டுபிடித்ததல்ல. ஜப்பானின் குரோசாவா 1954-இல் ‘செவன் சாமுராய்’ படத்தில் ஒருவன் மெதுவாகச் சரிந்து விழுவதைக் காட்டினார். அமெரிக்காவின் சாம் பெக்கின்பா 1969-இல் ‘தி வைல்ட் பன்ச்’ படத்தின் இறுதிச் சண்டையில் பல சாவுகளை அப்படி விரித்துக் காட்டினார். அதற்கும் இதே வாக்குவாதம் அன்றைக்கே நடந்தது. ஜான் வூ செய்தது, இந்த மேல்நாட்டு, ஜப்பானிய முறைகளை எடுத்து, சாங் சேயின் வாளுக்குப் பதிலாகத் துப்பாக்கியைக் கொடுத்ததுதான்.

1986: ஒரு கோட்டின் கதை

பல ஆண்டுகள் நகைச்சுவைப் படங்கள் எடுத்துச் சலித்து, தோல்வியும் கண்டிருந்த ஜான் வூவுக்கு, தயாரிப்பாளர் சுய் ஹார்க் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். 1986 ஆகஸ்டில் ‘எ பெட்டர் டுமாரோ’ வெளிவந்தது. மூன்று நாயகர்கள். டி லுங், ஷா பிரதர்ஸ் காலத்துப் பழைய நட்சத்திரம். லெஸ்லி சியூங், பாடகர். மூன்றாமவர் சௌ யுன் ஃபட், தொலைக்காட்சியில் புகழ் பெற்றும் சினிமாவில் ராசியில்லாதவர் என்று ஒதுக்கப்பட்டவர். படம் 34 மில்லியன் ஹாங்காங் டாலருக்கு மேல் வசூலித்துச் சாதனை படைத்தது.

சௌ யுன் ஃபட் நடித்த பாத்திரத்தின் பெயர் மார்க். நீளக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, வாயில் தீக்குச்சி. தைவான் உணவகம் ஒன்றின் நடைபாதையில் பூந்தொட்டிகளில் துப்பாக்கிகளை ஒளித்து வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சுடும் காட்சியை ரசிகர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஹாங்காங்கின் புழுக்கத்தில் இளைஞர்கள் அந்தக் கோட்டை அணிந்துகொண்டு தெருவில் நடந்தார்கள். கண்டோனிய மொழியில் அந்த வகைக் கோட்டுக்கே ‘மார்க் அண்ணன் கோட்டு’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் நேயர்களே, அந்த உணவகக் காட்சி எப்படி முடிகிறது? மார்க்கின் காலில் குண்டு பாய்கிறது. அதன்பின் அவன் காலைத் தாங்கித் தாங்கி நடப்பவன். நேற்று அவனைக் கண்டு நடுங்கியவர்களின் காரைத் துடைத்து, கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பொட்டலச் சோறு சாப்பிடுகிறான். சிறையிலிருந்து திரும்பும் நண்பன் அந்தக் கோலத்தைப் பார்த்துக் கலங்குகிறான். படத்தின் பெரும்பகுதி அந்தக் காலைப் பற்றியது. இளைஞர்கள் எடுத்துக்கொண்டதோ கோட்டை மட்டும்!

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹாங்காங்கில் வயதுவாரியாகப் படங்களைத் தரம் பிரிக்கும் சட்டம் 1988 நவம்பரில்தான் வந்தது. 1986-இல் எந்த வயதுப் பிள்ளையும் இந்தப் படத்தைப் பார்த்திருக்க முடியும். எனவே மறு சாராரின் கவலையைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

பயத்தின் நிழல்

அந்தப் படம் ஏன் அப்படி ஓடியது? ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்கும் உடன்பாட்டில் பிரிட்டன் 1984 டிசம்பரில் கையெழுத்திட்டது. 1997-க்குப் பிறகு என்ன ஆகும் என்ற கவலை வீட்டுக்கு வீடு இருந்தது. படத்தில் மார்க் ஒரு குன்றின்மேல் நின்று நகரத்தின் இரவு விளக்குகளைப் பார்த்து, இந்த அழகு நிலைக்காதே என்று ஏங்குவான். குண்டர் கதையைப் பார்க்கப் போனவர்கள் தங்கள் சொந்தக் கவலையைக் கேட்டுத் திரும்பினார்கள்.

1989-இல் ‘தி கில்லர்’. கூலிக்குக் கொலை செய்யும் ஒருவன், தன் துப்பாக்கி நெருப்பால் ஒரு பாடகியின் கண்பார்வையைக் கெடுத்துவிடுகிறான். அவளுடைய கண் சிகிச்சைக்குப் பணம் சேர்க்க மீண்டும் கொலைக்குப் போகிறான். கடைசியில் ஒரு தேவாலயத்தில், புறாக்கள் பறக்க, அவன் கண்களிலேயே குண்டு பாய்கிறது. பார்வையிழந்த இருவரும் ஒருவரையொருவர் தேடித் தரையில் ஊர்ந்து, தொட முடியாமல் விலகிப் போகிறார்கள். கொலைக் கூலியால் யாருக்கும் பார்வை கிடைக்கவில்லை. பாதிரியாராக விரும்பிய சிறுவன் சொன்ன பிரசங்கம் அது.

அதே 1989 ஜூனில் பெய்ஜிங் தியானன்மென் சதுக்கத்தில் ரத்தம் சிந்தியது. மறு ஆண்டு வந்த ‘புல்லட் இன் தி ஹெட்’ படத்தில் அழகு குறைந்து வலி கூடியது. 1967 ஹாங்காங் கலவரத்திலிருந்து வியட்நாம் போர்க்களம் வரை போகும் மூன்று நண்பர்களில் ஒருவன், பொன்னாசையால் இன்னொருவனின் தலையிலேயே சுடுகிறான். படம் வசூலில் தோற்றது. ரசிகர்கள் விரும்பியது கோட்டுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

திரைக்கு வெளியே நிஜத் துப்பாக்கி

1991 ஜூனில் குவுன் தோங் வட்டாரத்தில் ஒரு கும்பல் ஏ.கே. 47 துப்பாக்கிகளோடு ஐந்து நகைக்கடைகளைக் கொள்ளையிட்டது. குண்டர்களின் கை சினிமாத் தொழிலுக்குள்ளும் நுழைந்திருந்தது. ஒரு நகைச்சுவைப் படத்தின் நெகட்டிவ் சுருள்களையே துப்பாக்கி முனையில் தூக்கிச் சென்றார்கள். 1992 ஜனவரியில் ஹாங்காங் சினிமாக் கலைஞர்கள் வன்முறையை எதிர்த்துத் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு படத் தயாரிப்பாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். திரையில் குண்டர்களை வீரர்களாகக் காட்டிய ஒரு தொழில், நிஜக் குண்டர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நின்றது. இது எவ்வளவு பெரிய முரண்!

குண்டர்களைப் புகழ்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டு ஜான் வூவின் காதிலும் விழுந்தது. அந்த ஏப்ரலில் வெளிவந்த ‘ஹார்ட் பாய்ல்ட்’ படத்தில் நாயகன் போலீஸ்காரன். ஆனால் நம் விவாதத்துக்கு முக்கியமானவர் டோனி லியுங் நடித்த இரகசியப் போலீஸ் பாத்திரம். அவன் தான் கொன்ற ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதக் கொக்கு மடித்துத் தொங்கவிடுவான். செத்தவர்களுக்கு ஒருவன் கணக்கு வைக்கிறான்.

கேட்க வேண்டிய கேள்வி

எவ்வளவு ரத்தம் என்று அளப்பதைவிட, செத்தவனுக்குப் படம் கணக்கு வைக்கிறதா, கொன்றவன் விலை கொடுக்கிறானா என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்பது என் கருத்து.

இந்த அளவுகோலில் ஜான் வூவும் முழு மதிப்பெண் பெறமாட்டார். மார்க் செத்தால் நாம் அழுகிறோம். அவன் சுட்டுத் தள்ளிய பெயரில்லாத அடியாட்களுக்கு யார் அழுதார்? அவர்களுக்கு ஏது காகிதக் கொக்கு? மறு சாரார் சொல்வதில் இந்தப் பாதி உண்மை.

அவர் ஹாலிவுட்டுக்குப் போனபின் இந்த வேறுபாடு இன்னும் தெளிவானது. 1993-இல் ‘ஹார்ட் டார்கெட்’ எடுத்தபோது அமெரிக்கத் தரச்சான்றுக்காகப் படம் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டது. தணிக்கையாளர்கள் எண்ணியது குண்டுகளை. 1997-இல் ‘ஃபேஸ் ஆஃப்’ படத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஒரு குழந்தையின் காதில் ஹெட்போனை மாட்டி, ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படப் பாடலை ஒலிக்க விட்டார். ஷெக் கிப் மெய் சிறுவன் அங்கே மீண்டும் தலைகாட்டினான். 1999-இல் வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ முதலாக மற்றவர்கள் அவர் பாணியை எடுத்துக்கொண்டபோதோ, கோட்டும் கண்ணாடியும் இரட்டைத் துப்பாக்கியும் போய்ச் சேர்ந்தன. தாங்கித் தாங்கி நடக்கும் கால் போய்ச் சேரவில்லை.

2010-இல் வெனிஸ் திரைப்பட விழா ஜான் வூவுக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது வழங்கியது. 2024-இல் அவரே ‘தி கில்லர்’ படத்தைப் பாரிஸ் நகரில், ஒரு பெண்ணை நாயகியாக வைத்து ஆங்கிலத்தில் மீண்டும் எடுத்தார். விருதுகள் வரும், போகும். வீட்டுக் கூடத்தில் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து இத்தகைய படங்களைப் பார்ப்பவர்கள் நாம்தான்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை துப்பாக்கிப் படம் பார்க்கிறான் என்று உடனே தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள். வயதுக்கு ஏற்ற படமா என்று பாருங்கள். ஏற்றதென்றால் பக்கத்தில் உட்காருங்கள். படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதில் செத்தது யார், அவனுக்காக அழுதது யார்?” பிள்ளைக்குப் பதில் தெரிந்தால் அவன் படத்தைப் பார்த்திருக்கிறான். தெரியாவிட்டால், கோட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

அடுத்த வாரம் வேறொரு தலைப்போடு சந்திப்போம்.