ஒக்கும் என்பதும் ஒன்று என்பதும்

1

திருமுக்கூடல் கல்வெட்டு என்றாலே நம்மவர்களிடம் ஒரே ராகம்தான்: 'ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நாம ஆஸ்பத்திரி வச்சு நடத்தியிருக்கோம்.' பதினைந்து படுக்கை, ஒரு வைத்தியர், ஒரு சல்லியக்கிரியை செய்பவர், இரண்டு பணிப்பெண்கள் என்று சொல்லி முடித்தால் கைதட்டல். கல்வெட்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியாயிற்று. அது அடிப்படையில் ஒரு நிர்வாக ஆவணம், ஒரு கணக்கு மாற்றத்தின் பதிவு என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. பெருமைக்காக வாசிக்கப்படும் பிரதியில் நிர்வாகம் கண்ணில் படாமல் போவது தற்செயல் அல்ல.

இந்தக் கட்டுரை அந்த நிர்வாகப் பகுதியைத்தான் வாசிக்க முயல்கிறது. அதற்கு இன்றைய காரணம் ஒன்று உண்டு. திருமுக்கூடல் இருக்கிற அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்தில், மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தொழிலில் கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்குவதும், வாங்கிய பிறகு இரண்டு உற்பத்தி முறைகளை ஒன்றாக்கப் படாதபாடு படுவதும் உலகெங்கும் நடப்பது. பூங்கா வந்தால் இந்தப் பிரச்சினையும் கூடவே வரும். பல இடத்து முறைகளை ஒரே முறையாக்குவது என்றால் என்ன? அப்போது யாருடைய சொல் நிற்கிறது, யாருடைய சொல் அழிகிறது? இந்தக் கேள்விக்குச் சோழர் காலக் கல்லில் ஒரு துப்பு இருக்கிறது.

2

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். கூடிய பிறகு கடலுக்குப் போவது பாலாறு மட்டும்தான். மற்ற இரண்டின் தண்ணீர் போகிறது, பெயர் போவதில்லை. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு. கே.வி. சுப்பிரமணிய ஐயர் 'எபிகிராபியா இண்டிகா' 21ஆம் தொகுதியில் பதிப்பித்தது.

கல்வெட்டின் செய்தி இதுதான்: வேறொரு அறத்துக்கு வருமானம் போய்க்கொண்டிருந்த வயலைக்காவூர் என்ற ஊர், அரச ஆணையால் இக்கோயிலின் தேவதானமாக மாற்றப்படுகிறது. அந்த வருமானத்திலிருந்து கோயில் பூசை, வேத–வியாகரணப் பள்ளி, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலை ஆகிய அத்தனைக்கும் ஒரே வரவு செலவுத் திட்டம். இன்றைய பாஷையில் சொன்னால் தனித்தனிக் கணக்குகளை ஒரே பேரேட்டில் இணைக்கும் காரியம்.

ஆனால் அது இணைத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். 'இனி இப்படி' என்பதோடு கல் நிற்கவில்லை. இதற்கு முன் எப்படி இருந்தது, ஆணை எங்கே பிறந்தது, ஓலை எழுதியவர் யார், எந்தெந்த அதிகாரி கைமாறி வரிக்கணக்கில் ஏறியது என்று வரிசையாகச் சொல்கிறது. படிப்பவனுக்கு அலுப்பூட்டும் பகுதி. அதனால்தான் மேடையில் யாரும் இதைத் தொடுவதில்லை. எனக்கோ இதுதான் கல்வெட்டின் முதுகெலும்பாகப் படுகிறது. பழைய நிலை, புதிய நிலை, இடையில் கைவைத்தவர்கள் என்று மாற்றத்தின் தடயம் முழுசாக எழுத்தில் நிற்கிறது.

அடுத்து மருந்துப் பட்டியல். ஒரு வருஷத்துக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகள்: வாசாஹரீதகி, கோமூத்ர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று சுமார் இருபது. எதற்கு எவ்வளவு என்று அளவும் உண்டு. செய்முறை இல்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் வடமொழி வைத்திய நூல்களைப் புரட்டித்தான் பல பெயர்களுக்குப் பொருள் கண்டார்கள். செய்முறை எழுதப்படாததற்குக் காரணம், அது எழுத வேண்டியதில்லாத இடத்தில் இருந்தது: வைத்தியரின் படிப்பில், மூலிகை பறித்துவரும் இருவரின் கையில், மருந்து இடும் பெண்களின் பழக்கத்தில். கல் பெயரையும் அளவையும் பிடித்து வைத்தது; கையைப் பிடிக்கவில்லை. யார் கைக்கு என்ன மதிப்பு என்பதும் அதே கல்லில் இருக்கிறது. வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் காசும், சல்லியக்கிரியை செய்பவருக்கு 30 கலம், பணிப்பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலம். வைத்தியரின் பெயர் கல்லில் உண்டு. மற்றவர்கள் வேலையின் பெயரால் மட்டும் இருக்கிறார்கள். எனவே பொற்காலம் என்று கொண்டாட இதில் ஒன்றுமில்லை. ஓர் அதிகார அமைப்பு எதை எழுதியது, எதை விட்டது என்பதே நமக்கு வேண்டியது.

3

இங்கே தஞ்சைக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. 'ஒன்றாக்குதல்' பற்றிச் சோழர்களிடம் இருந்த சொல் அங்கேதான் துலக்கமாகக் கிடைக்கிறது. இராசராசன் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன் நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் கல், நகைகளுக்குத் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல். நெல் அளப்பதற்கும் ஆடவல்லான் என்றொரு மரக்கால். அது இராசகேசரிக்கு ஒக்கும் என்று கூடவே குறிப்பு.

'ஒக்கும்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இராசகேசரி ஒழிந்தது, இனி ஆடவல்லான் மட்டும் என்று கல் சொல்லவில்லை. இரண்டு பெயரையும் வைத்துக்கொண்டு நடுவில் ஒரு சமன்பாட்டைப் போடுகிறது. ஊருக்கு ஊர் நாழியும் மரக்காலும் மாறிக் கிடந்த நாட்டில் இப்படிச் செய்யாமல் கணக்கு நடக்காது. ஒக்கும் என்று எழுதினால் நாளைக்கு ஒருவன் வந்து, 'அப்படியா, அளந்து காட்டு' என்று கேட்க முடியும். ஒன்று என்று எழுதிவிட்டால் கேட்கவே இடமில்லை. ஒப்பிடுவதற்கு எதிரே இன்னொன்று இருந்தால்தானே!

4

இப்போது தொழிற்சாலைக்கு வருவோம். இரண்டு மருத்துவக் கருவிக் கம்பெனிகள் இணைந்தால் பங்குச் சந்தையில் அது ஒரே நாள் வேலை. தொழிற்சாலையில் பல வருஷ வேலை. பாகங்களுக்கு எண் இடுவது, குறை என்று எதைப் பதிவது, புகார் என்று எதை எண்ணுவது என்று எல்லாமே இரண்டு விதம். சின்ன விஷயம் ஒன்று: 'லாட்' என்ற சொல். ஒரு கம்பெனி, ஒரே தடவை கிருமிநீக்கம் செய்த பெட்டிகள் அத்தனையையும் ஒரு லாட் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றது, ஒரே அச்சிலிருந்து ஒரே ஓட்டத்தில் வந்த பாகங்களை ஒரு லாட் என்கிறது. இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் 'லாட் எண்' என்ற ஒரே கட்டத்தில் போட்டு நிரப்பியாகிவிட்டது. திரையில் பார்த்தால் ஒற்றுமை. நாளை ஒரு பாகத்தில் விரிசல் என்று திரும்பப் பெறும்போது, எந்தெந்த ஆஸ்பத்திரியிலிருந்து எதைத் திரும்பக் கேட்பது? சொல் ஒன்றாகிவிட்டது, பொருள் இரண்டாகவே இருக்கிறது.

கிருமிநீக்கமும் அப்படித்தான். இந்த அறை, இந்த வாயு, இந்த நேரம்; இப்படிச் செய்தால் கிருமி சாகும் என்று சோதித்து நிரூபித்து எழுதி வைப்பார்கள். அந்த நிரூபணம் அந்த இடத்துக்குரியது. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு ஊர் அறையில் ஒட்டினால் செல்லாது. திரும்பவும் சோதிக்க வேண்டும். ஏட்டை மாற்றலாம், இடத்தை அப்படி மாற்ற முடியாது.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் வார்சா என்று ஒரு சின்ன ஊர். எலும்பு மூட்டுக் கருவித் தொழிலுக்குப் பேர்போனது. டிப்யூ 1895இலும் சிம்மர் 1927இலும் பயோமெட் 1977இலும் தொடங்கியது அந்த ஒரே ஊரில்தான். 2015 ஜூனில் சிம்மர் பயோமெட்டை ஏறக்குறைய 1,400 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே தொழில். இதைவிட எளிதான கூடல் வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் 2016இல், முன்பு பயோமெட்டுடையதாக இருந்த ஆலையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதித்தபோது நீண்ட குறைப் பட்டியல் வந்தது. சில பொருட்களின் அனுப்பீடு நின்றது. 2018இல் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. கம்பெனியின் பெயர்ப்பலகையில் சிம்மர், பயோமெட் என்று இரண்டு பெயருமே நின்றன. ஆலைக்குள்ளே தரமுறை அப்படி எளிதாகச் சேரவில்லை.

உலகளவிலும் இதே இழுபறி. மருத்துவக் கருவித் தரமுறைக்கான ஐ.எஸ்.ஓ. 13485 முதலில் 1996இல் வந்தது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின் தரமுறை அட்டவணை அதை ஒட்டியது. அமெரிக்கா தன் விதிகளை அதை அடிப்படையாக வைத்துத் திருத்தி வெளியிட்டது 2024இல்தான். பொதுவான ஏடு வருவது நல்லதே. ஆனால் பொது ஏடு வந்துவிட்டதாலேயே உள்ளே இருப்பவை ஒன்றாகிவிட்டன என்ற மயக்கம் ஆபத்தானது.

5

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்கத் தேவையில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் நம் கதை ஒன்று இருக்கிறது. பிரிவினைக்கு முன் அறுவைக் கருவித் தொழிலின் மையம் சியால்கோட்; 1947இல் அது பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1961இல் ஐ.டி.பி.எல். என்ற அரசு நிறுவனம் உருவானபோது, ரிஷிகேஷ், ஹைதராபாத் ஆலைகளோடு அறுவைக் கருவி ஆலையைச் சென்னைக்குக் கொடுத்தார்கள். தொழில்நுட்பம் சோவியத் நாட்டுடையது. கருவிகளின் வடிவங்களும் அங்கிருந்தே வந்தன. ஆனால் இங்கே டாக்டர்கள் பயின்றதோ பிரிட்டிஷ் வழிவந்த வடிவங்களில். கத்தரிக்கோலின் வளைவு, இடுக்கியின் பிடி, கைக்குள் அதன் கனம் என்று எல்லாவற்றிலும் கை ஒன்றுக்குப் பழகியிருந்தது, ஆலை வேறொன்றைச் செய்தது. தேவையையும் மிகையாகக் கணக்கிட்டிருந்தார்கள். ஆலை திட்டமிட்ட அளவுக்கு ஒருபோதும் எழவில்லை. 1992இல் ஐ.டி.பி.எல். நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. 2016 டிசம்பரில் அதை மூடுவதென்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

தனியார் பேராசை, பொதுத்துறைச் சோம்பல் என்று இரண்டு பக்கமும் நமக்குத் தயாராக வசனம் இருக்கிறது. இந்த இடத்தில் இரண்டுமே உதவாது. நந்தம்பாக்கத்தில் நடந்தது ஒரு கணக்குப் பிழை மட்டுமல்ல. கருவி என்பது எங்கும் ஒன்றுதான், வரைபடத்தைக் கொண்டுவந்தால் போதும் என்ற நம்பிக்கையின் தோல்வி அது. அறுவை செய்பவரின் கையைக் கேட்டு, 'இது அதற்கு ஒக்குமா?' என்று விசாரிக்கும் வேலை முதலில் நடந்திருக்க வேண்டும்.

6

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? கடைசியில் விஷயம் வந்து நிற்பது உடம்பில். ஜான்சன் அண்ட் ஜான்சன் 1998இல் வாங்கிய டிப்யூ கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. பின்னால் மத்திய அரசின் நிபுணர் குழு விசாரித்தபோது அவர்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அது கம்பெனி இணைப்பால் நேர்ந்த குறை அல்ல, வடிவமைப்பின் குறை. ஆனால் கருவிக்கும் ஆளுக்கும் நடுவே எழுத்துத் தடயம் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. உடம்புக்குள் வைத்த உலோகம் இருபது வருஷம் இருக்கும். செய்த கம்பெனி அதற்குள் இரண்டு தடவை கைமாறியிருக்கும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதினால், ஒரு நாள் வலியோடு வந்து நிற்கும் ஆளுக்குக் காட்ட எந்த ஏடும் இருக்காது.

ஆகவே ஒன்றாக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரட்டைக் கணக்கும் ஆளைக் கொல்லும். ஆனால் முதல் படி 'ஒக்கும்' என்ற பட்டியல்: இவனுடைய இந்த எண் அவனுடைய அந்த எண்ணுக்கு ஒக்கும், இவன் லாட் அவன் லாட்டுக்கு ஒக்காது, அவன் இந்த அளவை வைத்ததற்குக் காரணம் இது. அந்தக் காரணம் பெரும்பாலும் ஏட்டில் இருக்காது. இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியிடம்தான் இருக்கும். இணைப்பு என்றதும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவதும் அவர்தான். மூலிகை பறிக்கும் இருவரை நிறுத்திவிட்டு மருந்துப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஆதுலர்சாலை நடத்துவது மாதிரி.

திருமுக்கூடல் கல் பாதி வழிகாட்டுகிறது. பழையது எது, மாற்றியது யார் என்று அழியாமல் எழுதச் சொல்கிறது. மீதிப் பாதியை, அதாவது வேலை செய்கிற கையை, அந்தக் கல்லும் எழுதவில்லை. ஒரகடத்தில் வரப்போகும் ஏடுகளிலாவது அந்தக் கைக்கு ஒரு வரி இருக்குமா என்பதைத்தான் இனி கேட்க வேண்டும்.