'பார்ட்டிகேட்' விவகாரம்: போரிஸ் ஜான்சன் மீதான பிரிட்டன் மக்களின் கோபம் தணியாதது ஏன்? – ஒரு விளக்கம்

2020-ஆம் ஆண்டு மே 20, புதன்கிழமை. கரோனா நிலவரம் குறித்து பிரிட்டன் அரசு நாள்தோறும் நடத்திவந்த செய்தியாளர் சந்திப்பில் அன்று மாலை கலாசாரத் துறை அமைச்சர் ஆலிவர் டௌடன் பேசினார். வேறு வீட்டைச் சேர்ந்த ஒருவரை மட்டும், அதுவும் திறந்தவெளியில், இரண்டு மீட்டர் இடைவெளியுடன் சந்திக்கலாம் என்று மக்களுக்கு அவர் நினைவூட்டினார். அதே மாலையில், பிரதமரின் இல்லமும் அலுவலகமுமான லண்டன் 10, டவுனிங் தெருவின் தோட்டத்தில் மது அருந்தும் நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. சுமார் 100 ஊழியர்களுக்கு மின்னஞ்சல் மூலம் அழைப்பு அனுப்பியவர், பிரதமரின் முதன்மைத் தனிச் செயலர் மார்ட்டின் ரெனால்ட்ஸ். அவரவர் மதுவை அவரவரே கொண்டுவருமாறு அதில் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது. பிரதமர் போரிஸ் ஜான்சனும் சுமார் 25 நிமிடங்கள் அங்கிருந்தார்.

அன்றைய நிலவரப்படி பிரிட்டனில் கரோனாவுக்குப் பலியானோரின் எண்ணிக்கை 35 ஆயிரத்தைக் கடந்திருந்தது.

இந்த மின்னஞ்சலை ஐடிவி தொலைக்காட்சி 2022 ஜனவரி 10-ஆம் தேதி வெளியிட்டது. அந்த மே 20-ஆம் தேதி தாங்கள் எங்கே இருந்தோம், யாரைப் பார்க்க முடியாமல் போனோம் என்று பிரிட்டன் மக்கள் பலரும் நினைவுகூரத் தொடங்கினர். 'பார்ட்டிகேட்' எனப் பெயர் பெற்ற இந்த விவகாரத்தில் மக்கள் காட்டிய எதிர்வினையைப் புரிந்துகொள்ள அந்த ஒப்பீடே முக்கியமானது.

விவகாரம் வெளிவந்தது எப்படி?

டவுனிங் தெரு நிகழ்ச்சிகள் குறித்த முதல் செய்தியை 'டெய்லி மிரர்' நாளிதழ் 2021 நவம்பர் 30-ஆம் தேதி வெளியிட்டது. 2020-ஆம் ஆண்டின் இறுதியில், கட்டுப்பாடுகள் நடைமுறையில் இருந்தபோதே அங்கு ஊழியர்கள் கூடிக் களித்ததாக அச்செய்தி தெரிவித்தது. விதிமுறைகள் அனைத்தும் முழுமையாகப் பின்பற்றப்பட்டன என்று மறுநாளே நாடாளுமன்றத்தில் ஜான்சன் பதிலளித்தார். பின்னாளில் அவரது அரசியல் வாழ்க்கையையே புரட்டிப்போட்ட பதில் அது.

டிசம்பர் 7-ஆம் தேதி ஒரு காணொலி வெளியானது. பிரதமர் அலுவலகத்தின் அப்போதைய செய்தித் தொடர்பாளர் அலெக்ரா ஸ்ட்ராட்டன், 2020 டிசம்பரில் நடந்த ஒத்திகைச் செய்தியாளர் சந்திப்பில், கிறிஸ்துமஸ் விருந்து பற்றிய கேள்விக்குச் சிரித்தபடி பதில் தேடும் காட்சி அதில் இருந்தது. மறுநாள் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டு அவர் பதவி விலகினார். விசாரணை நடத்தும் பொறுப்பு அமைச்சரவைச் செயலர் சைமன் கேஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரது அலுவலகத்திலேயே ஒரு நிகழ்ச்சி நடந்ததாகத் தகவல் வெளியானதால் அவர் விலகிக்கொள்ள, மூத்த அரசு அதிகாரியான சூ கிரே அப்பொறுப்பை ஏற்றார்.

விதி என்ன சொன்னது?

பொதுமுடக்கத்தை 2020 மார்ச் 23-ஆம் தேதி ஜான்சன் அறிவித்தார். அதன் பிறகு விதிகள் பலமுறை மாறின. எனினும், விசாரணைக்குள்ளான நிகழ்ச்சிகள் நடந்த காலத்தில், வெவ்வேறு வீட்டினர் உள்ளரங்குகளில் கூடுவதற்குப் பெரும்பாலும் தடை இருந்தது. பணி நிமித்தம் அவசியமான கூடுகைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அந்த விலக்கையே ஜான்சன் தரப்பு தனது வாதமாக முன்வைத்தது. தோட்டத்தில் நடந்ததை அலுவல் சார்ந்த நிகழ்ச்சி என்றே தாம் கருதியதாக 2022 ஜனவரி 12-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டபோது அவர் கூறினார்.

பொதுமக்களிடம் இதே விதிகள் கண்டிப்புடன் அமல்படுத்தப்பட்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கரோனா விதிமீறலுக்காகக் காவல் துறை வழங்கிய அபராத அறிவிக்கைகள் 1 லட்சத்துக்கும் அதிகம். பெரிய கூட்டங்களை ஏற்பாடு செய்வோருக்கு 10 ஆயிரம் பவுண்டு வரை அபராதம் விதிக்கவும் வழி செய்யப்பட்டிருந்தது.

நாட்களை ஒப்பிட்ட மக்கள்

மது, கேக், இசை ஆகியவை மட்டும் இந்தக் கோபத்துக்குக் காரணமல்ல. வெளியான ஒவ்வொரு தேதியும் ஏதோவொரு குடும்பத்தின் இழப்பு நாளாக இருந்தது. மருத்துவமனையில் தனியே இறந்த தாய், கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று மட்டுமே பார்க்க முடிந்த முதியோர் இல்லத்துத் தந்தை, சிலர் மட்டுமே பங்கேற்ற இறுதிச் சடங்கு என மக்கள் தங்கள் நினைவுகளை அந்தத் தேதிகளுக்கு அருகே வைத்துப் பார்த்தனர்.

நாடாளுமன்றத்திலும் இது எதிரொலித்தது. தமது மாமியார் தனிமையில் இறந்ததைக் குறிப்பிட்டுப் பேசிய வடக்கு அயர்லாந்து உறுப்பினர் ஜிம் ஷானன், பேச்சை முடிக்க முடியாமல் கண்கலங்கினார். 2022 ஜனவரி 31-ஆம் தேதி ஜான்சனின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த ஆரோன் பெல் எழுந்தார். 2020 மே மாதத்தில் பாட்டியின் இறுதிச் சடங்குக்காக மூன்று மணி நேரம் வாகனம் ஓட்டிச் சென்றதையும், அங்கு பத்துப் பேர் மட்டுமே இருந்ததையும், பெற்றோரைக்கூடக் கட்டியணைக்காமல், ஒரு கோப்பை தேநீர்கூட அருந்தாமல் திரும்பியதையும் அவர் விவரித்தார். தம்மைப் பிரதமர் முட்டாளாகக் கருதுகிறாரா என்பது அவரது கேள்வி.

அரச குடும்பத்தின் துயரமும் இந்த ஒப்பீட்டில் இடம்பெற்றது. 2021 ஏப்ரல் 17-ஆம் தேதி நடந்த இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்கில் 30 பேருக்கு மட்டுமே அனுமதி. இரண்டாம் எலிசபெத் அரசி, முகக்கவசத்துடன் தேவாலய இருக்கையில் தனியே அமர்ந்திருந்த படம் உலகெங்கும் பரவியது. அதற்கு முந்தைய இரவில் டவுனிங் தெருவில் இரு விடைபெறும் விருந்துகள் நடந்தது பின்னர் அம்பலமானது. பக்கிங்ஹாம் அரண்மனையிடம் பிரதமர் அலுவலகம் மன்னிப்புக் கேட்டது.

லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே, தேம்ஸ் நதியின் மறுகரையில் நீண்ட சுவர் ஒன்று உள்ளது. கரோனாவால் இறந்த ஒவ்வொருவருக்கும் ஓர் இதயம் என, 2021 மார்ச் இறுதியிலிருந்து உறவினர்களும் தன்னார்வலர்களும் அதில் சிவப்பு இதயங்களை வரைந்துவந்தனர். விருந்துச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, அச்சுவரை உருவாக்கிய குடும்பங்களின் குரல் ஊடகங்களில் வலுவாக ஒலித்தது.

அபராதமும் அறிக்கையும்

பழைய நிகழ்ச்சிகளை விசாரிப்பதில்லை என்று தொடக்கத்தில் கூறிய லண்டன் பெருநகரக் காவல் துறை, கடும் விமர்சனத்துக்குப் பின் 2022 ஜனவரி 25-ஆம் தேதி விசாரணையை அறிவித்தது. ஏப்ரல் 12-ஆம் தேதி ஜான்சன், அவரது மனைவி கேரி, அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனக் ஆகியோருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 2020 ஜூன் 19-ஆம் தேதி, ஜான்சனின் 56-ஆவது பிறந்த நாளன்று அமைச்சரவைக் கூட்ட அறையில் கூடியதற்காக இந்த அபராதம். ஜான்சன் செலுத்தியது 50 பவுண்டு, அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 5 ஆயிரம் ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால், பதவியில் இருக்கும்போதே சட்டத்தை மீறியதற்காகத் தண்டம் கட்டிய முதல் பிரிட்டன் பிரதமர் என்ற பெயர் அவருடன் நிலைத்துவிட்டது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சுனக், வேறொரு கூட்டத்துக்காக முன்கூட்டியே அந்த அறைக்கு வந்ததாக விளக்கமளித்தார்.

மே 19-ஆம் தேதி விசாரணை நிறைவடைந்தபோது, 83 பேருக்கு மொத்தம் 126 அபராத அறிவிக்கைகள் வழங்கப்பட்டிருந்தன. ஜான்சனுக்குக் கிடைத்தது ஒன்று மட்டுமே. 2020 நவம்பர் 13-ஆம் தேதி நிகழ்ச்சியில் கையில் மதுக்கோப்பையை உயர்த்தி அவர் நிற்கும் படங்கள் சில நாட்களில் வெளியாகின. கீழ்நிலை ஊழியர்கள் தண்டிக்கப்பட, அவர்களுக்கு உத்தரவிடும் இடத்தில் இருந்தவர் தப்பினாரா என்ற கேள்வி அதனால் வலுத்தது.

மே 25-ஆம் தேதி வெளியான சூ கிரேயின் இறுதி அறிக்கை, தலைமையில் இருந்தவர்களே இந்தக் கலாசாரத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றது. ஒரு நிகழ்ச்சியில் கரோக்கி இசைக் கருவி கொண்டுவரப்பட்டது, ஒருவர் வாந்தியெடுத்தது, மற்றொரு நாள் தோட்டத்தில் இருந்த குழந்தையின் ஊஞ்சல் சேதமடைந்தது போன்றவை அதில் பதிவாகின. மக்களை மிகவும் புண்படுத்திய பகுதி வேறு. பாதுகாவலர்களும் தூய்மைப் பணியாளர்களும் அங்கு மரியாதைக் குறைவாக நடத்தப்பட்டதாக அறிக்கை கூறியது. ஒரு விருந்துக்கு மறுநாள் காலையில் அறையைச் சுத்தம் செய்ய வந்த பணியாளர், சுவரிலும் காகிதப் பெட்டிகளிலும் சிவப்பு ஒயின் சிந்திக் கிடந்ததைக் கண்டார். பெருந்தொற்றுக் காலம் முழுவதும் வீட்டிலிருந்து பணியாற்ற வாய்ப்பின்றி வேலைக்கு வந்த எளிய தொழிலாளர்களின் நிலையை அந்த ஒரு வரி எடுத்துக்காட்டியது. அப்பணியாளர்களிடம் ஜான்சன் மன்னிப்புக் கேட்டார்.

வாக்குச்சாவடியில் எதிரொலி

கோபம் கேலியாகவும் வெளிப்பட்டது. தொலைக்காட்சியின் பொழுதுபோக்கு நிகழ்ச்சித் தொகுப்பாளர்கள்கூடப் பிரதமரை நகைத்தனர். கருத்துக்கணிப்புகளில் அவர் விலக வேண்டும் என்போர் பெரும்பான்மையாயினர். 2022 ஜூன் 3-ஆம் தேதி, அரசியின் பவள விழா வழிபாட்டுக்காகப் புனித பால் தேவாலயத்துக்கு வந்த ஜான்சனை, அரச குடும்பத்தைக் காணத் திரண்டிருந்த கூட்டத்தில் பலர் கூச்சலிட்டு எதிர்த்தனர்.

தேர்தல்களிலும் கன்சர்வேடிவ் கட்சி சரிவைச் சந்தித்தது. 2021 டிசம்பர் 16-ஆம் தேதி வடக்கு ஷ்ராப்ஷயர் இடைத்தேர்தலில், சுமார் 23 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தன்வசம் இருந்த தொகுதியை லிபரல் டெமாக்ரட் கட்சியிடம் இழந்தது. 2022 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர், வாண்ட்ஸ்வொர்த் மன்றங்கள் கைநழுவின. ஜூன் 23-ஆம் தேதி வேக்ஃபீல்டு, டிவெர்ட்டன்-ஹானிட்டன் ஆகிய இரு தொகுதிகளும் ஒரே நாளில் பறிபோயின. இந்த இடைத்தேர்தல்கள் ஒவ்வொன்றும் நடக்க வெவ்வேறு காரணங்கள் இருந்தன. விலைவாசி உயர்வும் வாக்காளர்களை வருத்தியது. ஆயினும் வீடு வீடாக வாக்குச் சேகரித்தவர்கள் விருந்து விவகாரத்தைக் கேட்காமல் திரும்ப முடியவில்லை.

ஆதரவாளர்கள் சொன்னது

மக்கள் அனைவரும் ஒரே கருத்தில் இல்லை. தடுப்பூசித் திட்டத்தை விரைந்து செயல்படுத்தியவர், உக்ரைனுக்குத் துணை நின்றவர் என்று ஜான்சனை ஆதரித்தோர் கணிசமாக இருந்தனர். அலுவலகத்தில் ஏற்கெனவே ஒன்றாகப் பணியாற்றியவர்கள் சில நிமிடங்கள் பிறந்த நாள் கொண்டாடியது பெருங்குற்றமா என்பது அவர்களின் வாதம். எதிர்க்கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மர் 2021 ஏப்ரலில் டர்ஹாமில் கட்சியினருடன் பீர் அருந்தியதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். அபராதம் விதிக்கப்பட்டால் பதவி விலகுவேன் என்று அறிவித்த ஸ்டார்மர், விதிமீறல் இல்லை என 2022 ஜூலையில் டர்ஹாம் காவல் துறையால் விடுவிக்கப்பட்டார்.

வீழ்த்தியது எது?

2022 ஜூன் 6-ஆம் தேதி நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில், சொந்தக் கட்சி எம்.பி.க்களில் 211 பேர் ஜான்சனை ஆதரிக்க, 148 பேர் எதிர்த்தனர். வென்றும் வலுவிழந்த அவர், கட்சி நிர்வாகி கிறிஸ் பின்ச்சர் மீதான புகாரைக் கையாண்ட விதத்தால் அமைச்சர்கள் வரிசையாக விலகியதையடுத்து, ஜூலை 7-ஆம் தேதி பதவி விலகலை அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் சுனக் பிரதமரானார்.

விருந்து விவகாரம் அத்துடன் முடியவில்லை. நாடாளுமன்றத்தில் ஜான்சன் அளித்த பதில்களை உரிமைக் குழு ஆராய்ந்தது. அதன் ஏழு உறுப்பினர்களில் நால்வர் அவரது கட்சியினர். அறிக்கையின் முடிவை முன்கூட்டியே அறிந்த ஜான்சன், 2023 ஜூன் 9-ஆம் தேதி எம்.பி. பதவியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அவர் வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று ஜூன் 15-ஆம் தேதி குழு தீர்ப்பளித்தது. பதவியில் நீடித்திருந்தால் 90 நாட்கள் இடைநீக்கத்துக்குப் பரிந்துரைத்திருப்போம் என்றும் குறிப்பிட்டது. அறிக்கையை அவை 354-க்கு 7 என்ற வாக்குகளில் ஏற்றது. பிரதமர் சுனக் அந்த வாக்கெடுப்பில் பங்கேற்கவில்லை.

நம்பிக்கை என்னும் மூலதனம்

இதே போன்ற தவறைச் செய்த மற்றொரு தலைவர் நார்வேயின் அப்போதைய பிரதமர் எர்னா சோல்பெர்க். தமது 60-ஆவது பிறந்த நாளையொட்டி, 10 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதியை மீறிக் குடும்பத்தினர் கூடியது 2021-இல் தெரியவந்ததும் அவர் மன்னிப்புக் கேட்டார். காவல் துறை 20 ஆயிரம் குரோனர் அபராதம் விதித்தது. கட்டுப்பாடுகளின் முகமாக விளங்கியவர் என்பதால் அவருக்கு அபராதம் விதிப்பது சரியே என்றும் அது விளக்கியது. பிரிட்டனிலோ மறுப்பு, விளக்கம், மன்னிப்பு, மீண்டும் மறுப்பு என மாதக்கணக்கில் நீண்டதால், ஒவ்வொரு புதிய தகவலும் பழைய காயத்தைக் கீறியது.

தலைவர்களின் விதிமீறல் பொதுச் சுகாதாரத்தையும் பாதிக்கும் என்பதற்குப் பிரிட்டனிலேயே முன்னுதாரணம் உண்டு. ஜான்சனின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ், பொதுமுடக்கத்தின்போது லண்டனிலிருந்து டர்ஹாம் சென்றது 2020 மே மாதம் வெளியானதும், இங்கிலாந்தில் அரசின் மீதான மக்களின் நம்பிக்கை சரிந்ததை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் பதிவு செய்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. விதி எல்லோருக்கும் பொது என்ற நம்பிக்கையில்தான் மக்கள் தாமாகவே அதற்குக் கட்டுப்படுகிறார்கள்.

2023 டிசம்பரில் கரோனா விசாரணை ஆணையத்தின் முன் ஆஜரான ஜான்சன், மக்கள் அடைந்த துயரத்துக்காக மன்னிப்புக் கேட்டுத் தமது சாட்சியத்தைத் தொடங்கினார். அப்போது பார்வையாளர் பகுதியில் எழுந்து நின்று பதாகைகளை உயர்த்திய சிலர் வெளியேற்றப்பட்டனர். முதல் விருந்துச் செய்தி வெளியாகி அப்போது இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.