பழைய வாடிக்கையும் புதிய கூலியும்

திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கி நிற்கும் ஓர்ஸ் ஹில் பகுதியிலே சொந்தக் கையை நம்பிப் பிழைக்கும் தையற்காரருக்கும் முடிதிருத்துபவருக்கும் குழாய் பொருத்துபவருக்கும் பொதுவான சங்கடம் ஒன்றுண்டு. புதிதாய் வருபவரிடம் புதுக் கூலியைத் தயங்காமற் சொல்லிவிடுவார்கள். இருபது வருடம் பழகிய வாடிக்கையாளரிடம் மட்டும் நா எழுவதில்லை. இதைத் தனிமனிதரின் கூச்சமென்று ஒதுக்கிவிடலாமா? இக்கூச்சத்துக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

நமது கிராமங்களிலே சலவைத் தொழிலாளியும் முடிதிருத்துபவரும் கொல்லரும் தச்சரும் வேலைக்கு வேலை காசு பெற்றவர்களல்லர். அறுவடைக் காலத்திற் களத்துமேட்டில் அளந்து கொடுக்கப்பட்ட நெல்லே அவர்களின் ஆண்டுக் கூலி. அந்த அளவை வழக்கம் நிர்ணயித்தது. வழக்கத்தைச் சாதி காத்தது. திருகோணமலையின் பழைய ஏடாகிய கோணேசர் கல்வெட்டும், குளக்கோட்டன் தானத்தார், வரிப்பத்தார் எனக் குடிகளை வகுத்து, அவரவர் தொண்டையும் உரிமையையும் விதித்ததாகவே கூறுகின்றது. விதிக்கப்பட்டதற்கு மேல் ஒரு படி கேட்பது பேரமாகக் கருதப்படவில்லை. அது மரியாதைக்கேடாகவே எண்ணப்பட்டது.

ஆயினும் அந்த நெல்லிலே ஒரு நன்மை இருந்தது. அரிசி விலை ஏறினாலும் உழைப்பாளியின் பங்கு தேயவில்லை. காசுக் கூலி வந்தபோது அவன் களத்துமேட்டிலே கைகட்டி நிற்கும் இழிவு குறைந்தது. ஆனால் அவனுடைய வருமானம் ஆண்டுதோறும் அரிபடத் தொடங்கியது. அடிமைத்தளை அறுந்தது; பழைய கூச்சமோ நாவிலே தங்கிவிட்டது.

ஆங்கிலேயர் 1795 இற் கைப்பற்றிய இத்துறைமுகம் 1957 வரை அவர்களின் கடற்படைத் தளமாயிருந்தது. தளத்தை அண்டிக் காசுத் தொழில்கள் பெருகின. தளம் கைமாறியபோது அவற்றுக்கு ஆதரவு குன்றியது. இதற்கிடையில், 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் கூலிக்கு அமர்த்தப்பட்டோருக்கு ஓரளவு அரண் தந்தது. முதலாளியற்ற கைத்தொழிலாளிக்கோ எந்தச் சபையும் இல்லை. தன் சம்பள உயர்வைத் தானே அறிவிக்க வேண்டியவன் அவன். அதையும் தன்னை அன்பாக விசாரிப்பவரின் முகத்தைப் பார்த்தே அறிவிக்க வேண்டியவன்.

1953 இல் அரசாங்கம் அரிசி மானியத்தை வெட்டியது. கொத்து 25 சதத்துக்கு விற்ற பங்கீட்டு அரிசி 70 சதமாயிற்று. ஆகஸ்ட் 12 இல் ஹர்த்தால் மூண்டது. அக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரசே மானியத்தைத் தாங்கமாட்டேன் என்றது. பழைய கூலிக்கே சட்டை தைத்துக் கொடுக்கும் தையற்காரனோ தன்னிலும் வசதியுள்ளவருக்குத் தன் அடுப்பிலிருந்து மானியம் வழங்கிக்கொண்டிருக்கிறான்!

இந்த அநியாயம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கொள்ளைநோயால் ஆள்பஞ்சம் ஏற்பட்ட இங்கிலாந்திலே 1349 இற் பிறந்த அரச கட்டளை, தையற்காரரும் கொல்லரும் தச்சரும் நோய்க்கு முந்திய கூலிக்கு மேல் வாங்கலாகாது என்று விதித்தது. அங்கே சட்டம் செய்த வேலையை இங்கே பழக்கம் செய்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

2022 ஆம் ஆண்டு இந்தப் பழக்கத்தைக் கடுமையாகச் சோதித்தது. மார்ச் மாதம் வரை ஏறக்குறைய 200 ரூபாயாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. 87 ரூபாய்க்கு விற்ற ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஆகஸ்டில் 340 ரூபாயாயிற்று. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். நூலும் பொத்தானும் சவர்க்காரமும் பழக்கம் பார்த்து விலை குறையவில்லை. அந்த வருடம் பழைய கூலியையே வாங்கியவர் இலாபத்தை மட்டும் இழக்கவில்லை, முதலையே தின்றார்.

வழி என்ன? தமிழகத்து முடிதிருத்துவோர் சங்கங்கள் பொதுக் கட்டணத்தை நிர்ணயித்துப் பலகையில் எழுதிக் கடைதோறும் தொங்கவிடும் வழக்கமுண்டு. பலகை பேசும்போது தனியொருவனின் நா குழற வேண்டியதில்லை. சங்கமில்லாத தொழிலிலும், கூலி கூடும் நாளை ஒரு மாதம் முன்னரே அறிவிக்கலாம்; வேலைப் பொருளின் விலையை ஒளிக்காமற் சொல்லலாம்; ஐந்தாண்டுச் சுமையை ஒரே நாளில் இறக்காமல் ஆண்டுக்காண்டு சிறிது உயர்த்தலாம். இல்லாதவருக்குக் குறைத்து வாங்குவதும் அழகே. அப்படிக் குறைப்பது உழைப்பவனின் விருப்பமாயிருக்க வேண்டும். வாங்குபவரின் உரிமையாகிவிடக் கூடாது.

வாடிக்கையாளருக்கும் ஒரு கடமையுண்டு. தம் சம்பளம் உயர்ந்த மாதத்திலே, "உங்கள் கூலி என்ன, உயர்த்தவில்லையா?" என்று அவரே முதலிற் கேட்கட்டும். இருபது வருட உறவுக்கு அந்த ஒரு கேள்வியாவது பெறாதா?