தாக்கரே: ஒரு குடும்பப்பெயரின் தோற்றமும் பரவலும்

முன்னுரை

ஒருவர் தாங்கும் பெயரைக் கொண்டே அவர் எந்த மண்ணினர், எக்குடியினர் என அறிந்துவிடலாம் என்பது பரவலான எண்ணம். மும்பையின் கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர்க்கு இவ்வெண்ணம் வெறும் பெயராய்வுச் செய்தியாக நின்றுவிடவில்லை. 1960-களில் அவர்களை அயலார் எனப் பிரித்துக் காட்டிய முதன்மை அடையாளங்களுள் பெயரும் ஒன்று. அவ்வாறு பிரித்துக் காட்டிய இயக்கத்தின் தலைமைக் குடும்பம் தாங்கிய பெயரோ, ஆங்கில எழுத்தில், இங்கிலாந்தின் வடபகுதிக்குரிய அருகிய குடும்பப்பெயராகும். தாக்கரே என்னும் அப்பெயரின் தோற்றம், பொருள், பரவல் ஆகியவற்றை ஆராய்ந்து, குடும்பப்பெயர் மண்ணுரிமைக்குச் சான்றாகுமா எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரின் தோற்றமும் பொருளும்

ஆங்கிலக் குடும்பப்பெயர்களுள் பல இடப்பெயரடியாகப் பிறந்தவை. தாக்கரே என்பதும் அவ்வகையினது. யார்க்சயரின் மேற்குப் பகுதியில் கிரேட் டிம்பிள் என்னும் ஊரையொட்டி இப்பெயருடைய சிற்றிடம் ஒன்று இருந்தது. அவ்விடம் பின்னர் பியூஸ்டன் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. பெயர் மட்டும் மக்களிடம் எஞ்சியது.

இப்பெயர் பழைய நார்சு மொழிச் சொற்கள் இரண்டன் கூட்டு. முதற்சொல் கூரை வேயும் நாணலையும், பின்சொல் மூலை அல்லது ஒதுக்கிடத்தையும் குறிக்கும். எனவே, 'கூரைக்குரிய நாணல் வளரும் மூலை' என்பது இதன் பொருளாகும். நார்சு என்பது 9-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்து யார்க்சயரில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழி. ஆங்கிலேயருக்கே உரியது எனக் கருதப்படும் இக்குடும்பப்பெயரும் குடியேறியோர் மொழியிலிருந்து பிறந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

இங்கிலாந்தில் இப்பெயர் தாக்ரே, தாக்கரே, தாக்ரா எனப் பல வடிவங்களில் வழங்குகிறது. தொழிலாளரைப் பற்றும் நோய்கள் குறித்து 1831-இல் நூல் வெளியிட்ட லீட்ஸ் நகர மருத்துவர் சார்லஸ் டர்னர் தாக்ரா இப்பெயரின் ஒரு வடிவத்தைத் தாங்கியவர். யார்க்சயருக்கு வெளியே பரவலாக வழங்காத இப்பெயரை உலகறியச் செய்தவர் நாவலாசிரியர் வில்லியம் மேக்பீஸ் தாக்கரே (1811-1863) ஆவார்.

இந்தியாவில் ஆங்கிலத் தாக்கரேக்கள்

நாவலாசிரியர் பிறந்தது கல்கத்தாவில். அவருடைய பாட்டனார் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சில்ஹெட்டில் இருந்தவர். தந்தை ரிச்மண்ட் தாக்கரே வங்காளத்தில் பணியாற்றி 1815-இல் மறைந்தார். பெரியப்பா வில்லியம் தாக்கரே சென்னை மாகாண வருவாய்த்துறையில் பணியாற்றியவர். தாமஸ் மன்றோவின் இரயத்துவாரி முறையை ஆதரித்து 1807-இல் அறிக்கை அளித்தவர். தமிழகத்து உழவரின் நிலவரி வரலாற்றில் இப்பெயர் இவ்வாறு இடம்பெற்றுள்ளது. சிற்றப்பா செயின்ட் ஜான் தாக்கரே தார்வாரின் ஆட்சியராக இருந்து, 1824-இல் கித்தூர் அரசி சென்னம்மாவின் படையுடன் நிகழ்ந்த போரில் கொல்லப்பட்டார்.

இக்குடும்பத்தாரின் ஆட்சிப் பணியால் இப்பெயர் இந்திய மண்ணில் வேரூன்றவில்லை. அதனை இங்கு நிலைபெறச் செய்தது 1847-48-இல் வெளிவந்த 'வேனிட்டி ஃபேர்' முதலிய நாவல்களின் வாசிப்பே எனலாம்.

மராத்தியக் குடும்பமும் பெயர் மாற்றமும்

மராத்தியர் ஊர்ப்பெயருடன் 'கர்' என்னும் ஈறு சேர்த்துக் குடும்பப்பெயர் அமைப்பது மரபு. பிரபோதன்கார் எனப் புகழ்பெற்ற சமூகச் சீர்திருத்தவாதி கேசவ் சீதாராம் தாக்கரே (1885-1973) தம் தன்வரலாற்றில் தரும் செய்திகளின்படி, அவர்தம் முன்னோர் தோடப் கோட்டையின் தொடர்பால் தோடப்கர் எனப்பட்டனர். பன்வேலில் குடியேறிய பின் அக்குடும்பம் பன்வேல்கர் ஆயிற்று. மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது தந்தை, குடும்பத்தின் பழம்பெயர் எனக் கருதிய 'டாக்ரே' என்பதைப் பதிவு செய்தார். நாவலாசிரியர் தாக்கரேயிடம் ஈடுபாடு கொண்ட கேசவ், பிற்காலத்தில் அப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை நாவலாசிரியர் பெயருக்கு ஒப்ப அமைத்துக்கொண்டார். 1921-இல் அவர் தொடங்கிய 'பிரபோதன்' இதழால் பிரபோதன்கார் என்னும் பெயரும் வந்து சேர்ந்தது. வாழ்ந்த ஊரும், பள்ளிப் பதிவேடும், விரும்பிப் படித்த நூலும், நடத்திய இதழும் ஒரே மனிதருக்குப் பெயர் வழங்கியுள்ளமை இங்குப் புலனாகும்.

தேவநாகரியில் இக்குடும்பம் தன் பெயரை எழுதும் முறை மாறவில்லை. பாரதிய ஜனதா கட்சியின் தலைவராக இருந்த குஷாபாவ் தாக்கரேயின் குடும்பப்பெயரும் தேவநாகரியில் இதுவே. ஆங்கில எழுத்தில் மட்டுமே இரண்டும் வேறுபடுகின்றன.

தமிழ் வடிவமும் நோக்கத்தக்கது. மராத்தியில் இப்பெயர் டகர மூச்சொலியில் தொடங்குகிறது. டகரம் மொழிமுதலில் வாராது என்பது தொல்காப்பிய விதி. எனினும், தமிழ் இதழ்கள் தகரத்தில் எழுதுவது அவ்விதி கருதியன்று. ஆங்கில எழுத்தை வழிப்பற்றியே எனக் கொள்ளலாம். இதனால் யார்க்சயரின் நாணல் மூலையும் மராத்தியப் பழங்குடும்பமும் தமிழில் ஒரே பெயர் பெற்றுவிட்டன.

கிங்ஸ் சர்க்கிள் தமிழரும் பெயர்ப் பட்டியலும்

1896-இல் பரவிய பிளேக் நோயை அடுத்து 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அதன் திட்டத்தால் உருவான தாதர், மாட்டுங்கா குடியிருப்புகளில் எழுத்தர், கணக்கர் பணிக்கு வந்த தென்னிந்தியர் பெருமளவில் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. அருகிலுள்ள தாராவியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தோல் தொழிலாளர் முன்னரே வாழ்ந்துவந்தனர்.

தமிழர்க்குக் குடும்பப்பெயர் மரபு இல்லை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் சங்கப் புலவர் பெயரில் ஊரும் தந்தையும் முன்னே நிற்கின்றன. இன்றைய தலைப்பெழுத்து அதன் சுருக்கமே. பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர் என மூன்று கட்டங்களைக் கொண்ட மராட்டிய மாநிலப் படிவங்களை நிரப்பும்போது, சிலர் தந்தை பெயரையும், சிலர் ஊர்ப்பெயரையும், பலர் ஐயர், நாடார், முதலியார் முதலிய சாதிப்பெயரையும் எழுதினர். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. அதன்பின் தமிழகத்தில் படிப்படியாக மறைந்த அப்பட்டங்கள், மும்பையில் படிவத்தின் தேவையால் குடும்பப்பெயர்களாக நிலைத்தன.

பிரபோதன்காரின் மகன் பால் தாக்கரே (1926-2012) 1960-இல் 'மார்மிக்' என்னும் கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். 1960-களின் நடுப்பகுதியில் அவ்விதழ், நிறுவனங்களில் பணியாற்றிய மராத்தியர் அல்லாத அலுவலரின் பெயர்ப் பட்டியல்களை, 'படித்துவிட்டுச் சும்மா இருங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டது. தொலைபேசிக் கையேடுகள் அதற்குத் துணையாயின. தென்னிந்தியப் பெயர்கள் அவற்றில் மிகுதியாக இடம்பெற்றன. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை தோன்றியது. அதனையடுத்த ஆண்டுகளில் தென்னிந்தியரின் உணவகங்களும் கடைகளும் தாக்கப்பட்டன.

ஒருவர் மும்பையிலேயே பிறந்தவரா, மராத்தி பேசுபவரா என்பதைப் பட்டியல் கேட்கவில்லை. பெயரின் ஈறு ஒன்றே அவரது இடத்தை முடிவு செய்தது. அலுவலகப் படிவம் கேட்டதற்காக எழுதிய ஒரு சொல், ஒரு தலைமுறைக்குப் பின் அவர்க்கு எதிரான சான்றாயிற்று. பெயரைக் கொண்டு மண்ணை அளக்கும் முறையைத் தாக்கரே என்னும் பெயருக்கே பொருத்தினால், அது பன்வேலையன்றி யார்க்சயரையும், அதற்கப்பால் ஸ்காண்டிநேவியாவையும் சுட்டும். அவ்வாறு முடிவு செய்வது பிழை என்பதை எவரும் உணர்வர். ஐயர், நாடார் என்னும் பெயர்களைக் கொண்டு முடிவு செய்ததும் அத்தகைய பிழையே.

முடிவுரை

தாக்கரே என்னும் பெயர் நார்சு மொழியில் பிறந்து, யார்க்சயரில் இடப்பெயராகி, குடும்பப்பெயராகி, நாவலாசிரியரால் புகழ்பெற்று, மராத்தியக் குடும்பம் ஒன்றின் பழம்பெயருக்கு ஆங்கில வடிவம் தந்தது. இன்று மராட்டிய அரசியலில் அது மிகுந்த செல்வாக்குடைய பெயர். 2019 முதல் 2022 வரை முதலமைச்சராக இருந்த உத்தவ் தாக்கரே இப்பெயர் தாங்கியவரே.

பம்பாய் 1995-இல் மும்பையாயிற்று. கிங்ஸ் சர்க்கிள் உள்ளிட்ட இரயில் நிலையங்களின் ஆங்கிலப் பெயர்களை மாற்ற 2024-இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இடங்களின் பெயரில் ஆங்கிலம் அகன்றுவரும் இந்நகரில் மனிதரின் பெயரில் அது மதிப்புடன் நிலைத்துள்ளது. அதில் குறை காண இடமில்லை. விரும்பிய பெயரைத் தாங்கும் உரிமை அனைவர்க்கும் உண்டு. குடும்பப்பெயர் ஒரு குடும்பம் கடந்து வந்த வழியைக் காட்டும். அக்குடும்பம் எங்கு வாழ உரிமையுடையது என்பதைக் காட்டாது. மும்பைத் தமிழரின் படிவப் பெயர்களைத் தொகுத்து ஆராய்வோர் இவ்வேறுபாட்டை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும்.