பாலாற்றங்கரையில் தோல் காலணியான வரலாறு

ஓர் ஊரில் தோன்றும் புதுத்தொழில் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அவ்வூரார் கைகளுக்குப் பழகிய தொழிலின் அடிமரத்திலேயே அது கிளைக்கின்றது. கோவையில் பஞ்சாலைகளைச் சுற்றி எழுந்த பட்டறைகள் மோட்டாரும் பம்பு செட்டும் செய்யக் கற்றன. சிவகாசியிலோ தீப்பெட்டிக்கு லேபிள் அச்சிடப் போய் அச்சுத்தொழிலே பெருகிற்று. நம் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதியில் தோல் காலணியாயிற்று. இவ்வரலாறு நம் முன்னோரின் கைகளைத் தொட்டுச் செல்வதாதலின், இம்மலரில் அதனை எழுதத் துணிந்தோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதிக்கு அமைந்த வாய்ப்புகள் பல. பாலாற்று ஊற்றுநீர் இருந்தது. மானாவாரி நிலமெங்கும் ஆவாரஞ்செடி இருந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை பின்னர் மேற்கே நீண்டது. தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரும் சதையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்திக் கடுக்காயால் முடிப்பர். இங்ஙனம் அரைப்பதமாகிய தோல் சென்னைத் துறைமுகம் வழியே இங்கிலாந்து சென்றது. அதனைக் காலணியும் பையுமாக்கி இலாபம் கண்டோர் அந்நாட்டார். இங்கே மூலதனம் பெரும்பாலும் இசுலாமிய வணிகருடையது. குழியில் இறங்கி நின்ற கால்களோ பெரும்பாலும் நம்மவருடையவை. ஏழை இசுலாமியர் கால்களும் அவற்றோடு நின்றன என்பதை மறத்தலாகாது.

1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பின்னாளில் அதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் நாயுடம்மா, ஆய்வுக்கூடத்தின் அறிவைத் தொழிற்கூடத்திற்குக் கொணர்ந்த பெருமைக்குரியவர். ஆயினும் பெரிய திருப்பம் 1970களின் தொடக்கத்தில்தான் நேர்ந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரையையொட்டி மைய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்தது; அரைப்பதத் தோலுக்கு அளவு விதித்தது. முழுப்பதத் தோலாகவோ பொருளாகவோ அனுப்புவோர்க்கே ஊக்கம் என்றாயிற்று. தோல் ஷாப்பு நடத்தியவர்கள் முதலில் மெருகேற்றும் எந்திரம் வாங்கினர். அடுத்து ஷூவின் மேற்பகுதியாகிய ‘அப்பர்’ தைத்தனர். பின் முழு ஷூவே செய்தனர். எத்தோல் எவ்வாறு மடங்கும், எவ்விடத்தில் கிழியும் என்னும் அறிவு ஊரிலேயே இருந்தமையால் இது இயன்றது. தையற்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பெற்றனர். நம் தெருக்களில் மாதச் சம்பளத்தை முதன்முதல் கண்ட வீடுகள் பல அவ்வழியே கண்டன.

எனினும் ஊர் ஏறிய படிகளிலெல்லாம் நம்மவர் உடன் ஏறினரா? ஆக்ராவில் ஜாதவ மக்கள் சிறு காலணிப் பட்டறைகளுக்கேனும் உரிமையாளராயினர். இங்கு குழியில் நின்றவர் மகன் ‘ட்ரம்’ சுழற்றப் போனான். மகள் தையல் எந்திரத்தில் அமர்ந்தாள். தோலின் தரம் கண்டவர், வடிவமைத்தவர், வெளிநாட்டாருடன் விலை பேசியவர் வேறானோர். கேடு வந்தபோது மட்டும் பங்கு குறையவில்லை. பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கெட்டன. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர்.

இதில் ஆசிரியராகிய எமக்கும் பங்குண்டு. ‘தோல் ஷாப்புக்குப் போகாதே, படி’ என்று முப்பதாண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தோம். இழிவைச் சுமத்தும் தொழிலை உதறுக என்று அண்ணல் அம்பேத்கர் கூறியதை ஏற்றவர்கள் யாம்; அதனை இன்றும் பிழையென எண்ணவில்லை. குழியை விட்டு வெளியேறச் சொன்னோம்; குழிக்கு மேலே ஓர் ஆய்வுக்கூடம் இருப்பதை மட்டும் சொல்லாது விட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பழைய மாணவி ஒருத்தி மேனிலைத் தேர்வில் கணிதம், இயற்பியல், வேதியியலில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தந்தையுடன் வந்தாள். அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு உள்ளதாம், சேரலாமா என்றாள். சுண்ணாம்பில் வெந்த கைகளைக் கட்டி நின்ற தந்தை, “ஐயா, இந்த நாத்தம் அதும்மேல படக்கூடாதுன்னுதானே படிக்க வெச்சேன்” என்றார். யாமும் அவர் பக்கமே நின்றோம். அவள் வேறு பட்டம் பெற்றாள். இன்று ஒரு ஷூ கம்பெனியின் சரக்கறையில் கணக்கெழுதுகிறாள். அவள் விரும்பிய படிப்பைப் படித்து வந்தவரே அங்கு அவளுக்கு மேலதிகாரி.

இப்போது தொழில் மீண்டும் கிளைக்கின்றது. செய்யாற்றிலும் பெரம்பலூரிலும் தோலே இல்லாத காலணிகள் செய்யும் ஆலைகள் எழுந்துள்ளன. 2022இல் தமிழக அரசு காலணிக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. நாற்றத்தின் பேரால் ஒதுங்கி நிற்கவும் இனிக் காரணமில்லை.

எம் அறைச் சுவரில் உயர்கல்விப் பட்டியல் ஒன்று தொங்குகின்றது. அதன் அடியில் தோல் தொழில்நுட்பமும் காலணி வடிவமைப்பும் சென்ற ஆண்டு எம் கையாலேயே எழுதப்பட்டன. இவ்வாண்டு பத்தாம் வகுப்பு மாணவியர் இருவர் அதன்முன் நின்று, அதற்கு எந்தப் பிரிவு எடுக்க வேண்டும் என்று கேட்டனர்.