நாகம் பறக்கலாமா?

மலாக்கா ஜாசின் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு நாகம் இரண்டு. பாட்டி புற்றருகே பால் வைத்துக் கும்பிடுவது படமெடுக்கும் நல்ல பாம்பு. மலாய்ப் பாடத்தில் வரும் ‘நாகா’வோ வானில் பறப்பது. நல்ல பாம்புக்கு மலாயில் ‘ஊலார் தெடுங்’ என்று தனிப்பெயர். சீனப் புத்தாண்டில் ஆடுவது ‘தாரியான் நாகா’. நாம் டிராகன் பழம் என்று வாங்குவது ‘புவா நாகா’.

இந்தப் பிரிவு மலாக்கா போன்ற துறைமுகங்களில் வலுப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம். வடமொழி ‘நாக’ இந்தியக் கப்பல்களோடும் கோயிற்கலையோடும் வெகு முன்பே மலாய்த் தீவுக்கூட்டத்துக்கு வந்துவிட்டது. ஜாவாவின் பழங்கோயில்களில் அது முடிசூடிக் காவல் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் மரக்கலங்கள் மலாக்காவில் நங்கூரமிட்டன. சீனரின் ‘லோங்’ நீண்ட உடலும் செதிலும் கொண்டது. சிறகில்லாமலே மேகத்தில் நீந்துவது. அதற்குப் புதுப்பெயர் எதற்கு? காவல் நின்ற நாகமே மேலெழுந்து பறந்தது. இன்று துக்காங் எமாஸ் தெருவில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து சற்று நடந்தால் சீனரின் செங் ஹூன் தெங் கோயில். அதன் கூரையில் ‘நாகா’ வளைந்து நிற்கிறது. நம் சிற்ப மரபில் பிள்ளையார் வயிற்றில் கட்டியிருப்பதும் நாகம்தான்.

பாம்புக்கு வானம் நம்மிடமும் புதிதன்று. நிலவை விழுங்கும் அரவு சங்கப் பாடல்களிலேயே உண்டு. மலாய் வழக்கிலும் கிரகணத்தில் நிலவைத் தின்பவன் ‘ராகு’. நம் அகராதிகள் நாகத்துக்கு விண்ணுலகு என்றும் பொருள் தருகின்றன. அது ‘நாக’ (nāka) என்னும் வேறொரு வடசொல்லின் வழி வந்தது, தமிழில் ஒலி மட்டும் ஒன்றிப்போனது. யானை, மலை என்ற பொருள்களும் உண்டு.

யானை என்ற பொருள்தான் என்னை 1511க்கு இழுக்கிறது. போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைப் பிடிக்க ஏறத்தாழ 1,200 வீரர்களோடு வந்தபோது, ஆற்றுப்பாலத்துச் சண்டையில் சுல்தான் மஹ்மூத் ஷாவின் படை யானைகளை முன்னிறுத்தியது. ஈட்டி பட்ட யானைகள் மிரண்டு தம் ஆட்களையே மிதித்தன. ஆகஸ்டில் நகரம் வீழ்ந்தது. அலோர் காஜா, செட்டிகள் வாழும் காஜா பெராங் என்று ஊர்ப்பெயர்களிலும் யானை நிற்கிறது.

அந்தப் படையெடுப்பு முறியடிக்கப்பட்டிருந்தால் என்று கற்பனை செய்ய எந்த எழுத்தாளருக்கும் உரிமை உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் நவோமி நோவிக் 2006இல் நெப்போலியன் காலத்தை அப்படித்தான் மாற்றி எழுதினார். பிரெஞ்சுப் படையெடுப்பை வானத்திலேயே மறித்து விரட்டும் அவருடைய கதைநாயக விலங்கு சீன இனத்தைச் சேர்ந்தது. மலாக்காவின் வானில் அப்படியொரு போரை நம்மவர் தமிழில் எழுதினால், அந்த விலங்கை என்னவென்று அழைப்பது? டிராகன் என்று கைபோகும். அதன் மூலமான கிரேக்க ‘டிராகோன்’ சொல்லுக்கும் பாம்பு என்பதுதான் பொருள். ஐரோப்பியர் தம் பாம்பைப் பறக்கவிட்டார்கள். மலாய்க்காரர் இந்தியாவிலிருந்து வந்த பாம்பைப் பறக்கவிட்டார்கள். பறக்கும் பொருளை இந்த மண்ணிலேயே பெற்ற சொல் நம் கையில் இருக்கிறது. மலேசியத் தமிழ் எழுத்தாளர்களே, அதை நாகம் என்றே எழுதுங்கள்.