ஆற்றங்கரை ஆலையும் ஆறில்லா ஊர்ப் பருத்தியும்

இராமநாதபுரம் சீமையின் சிக்கல் வட்டாரத்தில் வற்றாத ஆறு கிடையாது. மழை பெய்தால் கண்மாய் பெருகும், நெல் விளையும். பெய்யாத ஆண்டில் மிளகாயும் பருத்தியும்தான் கைகொடுக்க வேண்டும். ஆற்றங்கரை ஆலை ஒன்றின் வரலாற்றை இந்த வறண்ட சீமையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பாபநாசம் மலையடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில் உருவான நூற்பாலைக் குடியிருப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஹார்வி சகோதரர்களிடமிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த ஆலையை ஓட்டியது தாமிரபரணித் தண்ணீர். அதற்கு இரை போட்டது மானாவாரிப் பருத்தி. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் அதன் வரலாறு வெறும் கம்பெனி வரலாறாகச் சுருங்கிவிடும்.

திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளின் கரிசலில் விளைந்த கருங்கண்ணியும் உப்பம் பருத்தியும் கலந்து, அயல்நாட்டுச் சந்தையில் திருநெல்வேலியின் பெயராலேயே விலைபோயின. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அங்கிருந்து பஞ்சு வரத்து நின்றபோது, இந்தியப் பருத்திக்குக் கிராக்கி ஏறியது. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. பஞ்சு கப்பலேறிப் போய், நூலாகவும் துணியாகவும் திரும்பி வந்தது. விளைகிற இடத்துக்கு அருகிலேயே நூற்றால் என்ன என்ற கணக்கில்தான் ஆண்ட்ரூ ஹார்வியும் பிராங்க் ஹார்வியும் 1883இல் திருநெல்வேலி மில்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1885இல் ஆலை ஓடத் தொடங்கியது.

அதைக் கரிசல் நடுவே வைக்காமல் மலையடிவாரத்துக்குக் கொண்டுபோனது ஏன்? இங்கிலாந்தில் ஆர்க்ரைட் 1771இல் கிராம்போர்டில் நீரோட்டத்தால் இயங்கும் நூற்பாலையை அமைத்தார். நூறாண்டு கழிந்து அங்கே நீராவியின் ஆட்சி வந்துவிட்டது. ஆனால் திருநெல்வேலிச் சீமையில் நிலக்கரி கிடையாது; தொலைவிலிருந்து வரவேண்டும். பொதிகையில் இறங்கும் ஆறோ தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையாலும் பெருகுவது. பாபநாசத்தில் அருவியாக விழுவது. அந்த வீழ்ச்சியே எந்திரத்தைச் சுழற்றியது. சுழற்றிய நீர் மீண்டும் ஆற்றில் சேர்ந்துவிடும் என்பதால், கீழே கால்வாய்ப் பாசனத்தை நம்பியிருந்த வயல்களுக்கும் அது பயன்பட்டது. எரிபொருளில் மிச்சமானதில் ஒரு பங்கு வண்டிக் கூலியில் கரைந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். திருநெல்வேலி–செங்கோட்டை ரயில்பாதை முழுமையடைந்தது 1903இல்தான். அதுவரை, ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள், கரிசலின் பஞ்சு மலையடிக்கு ஏறியதும் நூல் சமவெளிக்கு இறங்கியதும் மாட்டுவண்டியை நம்பித்தான்.

ஆலை வருவதற்கு முன்பே விக்கிரமசிங்கபுரத்துக்குப் பெயர் இருந்தது. மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் பிறந்த ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில், விதைப்பும் அறுப்பும் பார்த்து நாளைக் கணக்கிட்டவர்கள் ஆலைச் சங்குக்கு எழுந்திருக்கப் பழகினார்கள். ஆலை தொடங்கிய காலத்தில் நடப்பிலிருந்த 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அதாவது ஏழு வயதுப் பிள்ளை வேலைக்கு வரலாம். ஆண்களின் வேலைநேரத்துக்கு ஒரு வரம்பும் அதில் இல்லை. பஞ்சாலைகளில் பன்னிரண்டு மணி நேரம் என்ற வரம்பு 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. அதற்கு முன்பே, இதே நிர்வாகத்தின் தூத்துக்குடி கோரல் மில்லில், 1908 பிப்ரவரி இறுதியில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். ஒன்பது நாளில் கூலி உயர்வும் விடுமுறையும் கிடைத்தன. ஹார்வி ஆலைகளின் வரலாற்றில் முதலாளிகளின் பெயர்களுக்கு நிகரான இடம் அந்த ஒன்பது நாளுக்கு உண்டு.

ஆற்றுக்கும் ஆலைக்கும் இருந்த பிணைப்பை அவிழ்த்தது மின்சாரம். 1930களில் பைக்காரா மின்சாரம் கோவை வட்டாரத்தில் நூற்பாலைகளைப் பெருக்கியது. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், பருத்திக் காட்டின் ஓரத்திலேயே, 1936இல் இராஜபாளையம் மில்ஸ் தோன்றியது. கதிர் சுழல அருவி வேண்டும் என்ற நிலை போயிற்று. விக்கிரமசிங்கபுரம் ஆலையோ இடம் மாறவில்லை. 1974இல் கோட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. ஆனாலும் ஊர்வாயில் அது ஹார்வி மில்தான். இந்த இணைப்புக்கு முன்பே, ஆலைக்கு மேலே மலையில் 143 அடி அணை எழும்பி, 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கியது. முன்பு அடிவாரத்து ஆலையை மட்டும் சுழற்றிய அதே தண்ணீர், அன்று முதல் கம்பி வழியாக ஆறில்லாத ஊர்களுக்கும் புறப்பட்டது.